ஸ்போர்ட்டி கார்களுக்கான டயர்: தேர்வும் பராமரிப்பும்

உயர்திறன் டயர் சாதாரண டயரிலிருந்து மூன்று இடங்களில் வேறுபடுகிறது. சாலையைத் தொடும் ரப்பரின் கலவை முதலாவது. அந்த ரப்பரில் வெட்டப்பட்டிருக்கும் பட்டனின் (டிரெட்) அமைப்பு இரண்டாவது. மூன்றாவது, பக்கச்சுவரின் விறைப்பு. பிரேக் மிதித்தால் கார் குறைந்த தூரத்தில் நிற்பதும், ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் தயங்காமல் திரும்புவதும் இவை சேர்ந்து தரும் பிடிப்பால் நடக்கின்றன. அந்தப் பிடிப்புக்கு விலை உண்டு. டயர் சீக்கிரம் தேயும், பள்ளத்தில் எளிதாக அடிபடும், சத்தம் கூடும், மைலேஜ் சற்றுக் குறையும். அன்றாடம் ஓட்டும் சாலையில் இவற்றுள் எதை எவ்வளவு தாங்கிக்கொள்ள முடியும் என்று முதலில் கணக்குப் பார்த்துவிட்டால், கடைக்காரரின் பரிந்துரையை எடைபோடுவது எளிது.

ஒரு டயர் சாலையில் பதியும் இடம் விரித்த உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது. ஒன்றரை டன் காரின் வேகமும் திருப்பமும் நிறுத்தமும் அப்படிப்பட்ட நான்கு இடங்கள் வழியாகவே சாலைக்குப் போகின்றன. சக்திவாய்ந்த எஞ்சினும் பெரிய பிரேக்கும் இருந்து டயர் மட்டும் மலிவானதாக இருந்தால், ஏபிஎஸ் சீக்கிரம் வேலை செய்யத் தொடங்கும். கார் சீக்கிரம் நிற்காது.

கலவையும் வெப்பமும்

தாரில் பதிந்த சிறு கற்களின் மேல் ரப்பர் அழுந்தி நெளிகிறது. நெளிந்த ரப்பர் உடனே பழைய வடிவுக்குத் திரும்பாமல் சற்றுத் தாமதிக்கிறது. அந்தத் தாமதத்தில் ஒரு பகுதி ஆற்றல் வெப்பமாகப் போய்விடுகிறது. தாமதம் கூடினால் பிடிப்பு கூடும், உருளும்போது வீணாகும் ஆற்றலும் கூடும். பிடிப்பும் மைலேஜும் ஒன்றோடொன்று மோதுவது இங்கேதான். 1992-இல் மிஷெலின் நிறுவனம் சிலிக்கா கலந்த ரப்பரோடு சந்தைக்கு வந்தபோது இந்த மோதல் ஓரளவு தணிந்தது. ஈரச் சாலையில் பிடிப்பை இழக்காமலே உருளல் தடையைக் குறைக்க முடிந்தது. இன்று நல்ல உயர்திறன் டயர் பெரும்பாலானவற்றில் சிலிக்கா இருக்கிறது.

வெப்பநிலை இறங்க இறங்க ரப்பர் விறைக்கும். கோடைக்கால டயர் என்று ஐரோப்பாவில் அழைக்கப்படும் வகை, சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பிடிப்பை இழக்கத் தொடங்கும். அங்கே அது பெரிய கவலை. குளிர்காலம் வந்தால் டயரையே மாற்றுவார்கள். தமிழகத்துச் சமவெளியில் அந்தக் குளிர் வருவதே இல்லை. ஊட்டி போன்ற மலையூர்களின் ஜனவரி மாதத்து விடியற்காலைதான் விலக்கு. அப்போது முதல் சில கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால் போதும். ஆகவே பனியையும் மனதில் வைத்துச் செய்யப்படும் ‘ஆல் சீசன்’ டயருக்கு இங்கே கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை. அதன் பட்டனில் உள்ள நுண்ணிய கீறல்கள் பனியைக் கவ்வுவதற்காக வெட்டப்பட்டவை. சித்திரை வெயிலில் கொதிக்கும் தாரில் கீறல் விழுந்த ரப்பர் கட்டைகள் நெளிந்து, ஸ்டீயரிங்கின் கூர்மையை மழுங்கடிக்கும்.

கோடை வகைக்குள்ளேயே படிகள் பல. மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், பைலட் ஸ்போர்ட் 5, கான்டினென்டல் ஸ்போர்ட்கான்டாக்ட் 7, குட்இயர் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக் 6, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஸ்போர்ட் ஆகியவை நடுப்படி. ஈரத்திலும் வறண்ட சாலையிலும் ஒருசேர நன்றாக நிற்பவை இவை; அன்றாடம் ஓட்டும் ஸ்போர்ட்டி காருக்கு இந்தப் படியைத் தாண்ட வேண்டிய தேவை அரிது. இதற்கு மேலே யோகஹாமா அட்வான் நியோவா ஏடி09, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆர்இ-71ஆர்எஸ் போன்றவை வருகின்றன. சூடேறினால் அசாத்தியமான பிடிப்பு தருபவை, ஆனால் சத்தமும் தேய்மானமும் அதிகம். உச்சியில் மிஷெலின் பைலட் ஸ்போர்ட் கப் 2, பிரெல்லி பி ஜீரோ ட்ரோஃபியோ ஆர் போன்ற பந்தயத்தடச் சாயல் கொண்டவை. சாலையில் ஓட்ட அனுமதி உள்ளவைதான். ஆனாலும் வடிகால் பள்ளங்கள் குறைவு என்பதால், வடகிழக்குப் பருவமழையில் இவற்றோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் போவது வீண் சோதனை.

பக்கச்சுவரில் ‘டிரெட்வேர்’ என்று ஓர் எண் இருக்கும். அமெரிக்க அரசின் தர முறைப்படி வருவது அது. டெக்சாஸ் மாநிலத்தின் சான் ஏஞ்சலோ அருகே 400 மைல் சுற்றுப்பாதையில், மொத்தம் 7,200 மைல் ஓட்டித் தேய்மானத்தை அளந்து, 100 என்ற அடிப்படை டயரோடு ஒப்பிடுகிறார்கள். பைலட் ஸ்போர்ட் 4எஸ் 300. நியோவா ஏடி09 200. எண் குறைந்தால் ரப்பர் மென்மை, ஆயுள் குறைவு என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். தரத்தை அரசு கொடுப்பதில்லை, நிறுவனமே தன் டயருக்குக் கொடுத்துக்கொள்கிறது. அதனால் ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட இந்த எண் உதவும். இரண்டு நிறுவனங்களுக்கு இடையே ஒப்பிட்டால் ஏமாற்றும். இந்தியாவில் டயருக்கு ஒட்டப்படும் நட்சத்திர முத்திரையையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது எரிபொருள் சேமிப்பைச் சொல்வது, பிடிப்பைச் சொல்வதல்ல.

பக்கச்சுவரில் எழுதியிருப்பது

ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ போன்ற கார்களில் பரவலாகக் காணப்படும் அளவு 225/40 ஆர்18 92ஒய் எக்ஸ்எல். அகலம் 225 மில்லிமீட்டர். 40 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. இங்கே 90 மில்லிமீட்டர். ஆர் ரேடியல் அமைப்பு, 18 ரிம்மின் விட்டம் அங்குலத்தில். 92 என்பது சுமைக் குறியீடு: ஒரு டயர் 630 கிலோ தாங்கும். எக்ஸ்எல் என்றால் கூடுதல் காற்றழுத்தத்தில் கூடுதல் சுமை தாங்கும்படி வலுவாக்கப்பட்டது. கடைசி எழுத்து வேகக் குறியீடு. எச் 210 கிலோமீட்டர், வி 240, டபிள்யூ 270, ஒய் 300.

சட்டப்படி இந்தியாவின் எந்தச் சாலையிலும் எட்ட முடியாத 270 கிலோமீட்டருக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. வேகக் குறியீடு உண்மையில் வெப்பம் தாங்கும் திறனைச் சொல்கிறது. உயர்ந்த குறியீடு உள்ள டயரின் உள்கட்டு இறுக்கமானது, முழுச் சுமையோடு மே மாதத்து நான்குவழிச் சாலையில் மணிக்கணக்காக ஓடினாலும் தளராது. கார் நிறுவனம் கொடுத்த குறியீட்டைவிட மேலே போகலாம், கீழே இறங்கக் கூடாது. சுமைக் குறியீட்டுக்கும் அதே விதி. வேகக் குறியீட்டைப் பார்க்கும் அளவுக்குச் சுமைக் குறியீட்டை யாரும் பார்ப்பதில்லை. அளவு மாற்றும்போது பிழை நேர்வது பெரும்பாலும் இங்கேதான்.

சில டயர்களில் கூடுதலாக ஒரு குறி இருக்கும். போர்ஷே காருக்கென்று ஒப்புதல் பெற்றதில் என்0, என்1 என்றும், பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரமும், மெர்சிடிஸுக்கு எம்ஓ என்றும், ஆடிக்கு ஏஓ என்றும் வரும். பெயர் ஒன்றானாலும் உள்ளே கலவையோ கட்டமைப்போ அந்தக் காருக்கேற்ப மாற்றப்பட்டிருக்கலாம். போர்ஷே வைத்திருப்பவர் என் குறியை விடாமல் இருப்பது நல்லது. ஒரே அச்சில் குறியுள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என்று கலப்பது எந்தக் காருக்கும் ஆகாது.

தயாரிப்புத் தேதி நான்கு இலக்கங்களில் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பக்கச்சுவரின் ஒரு புறத்தில் மட்டுமே இது முழுமையாக அச்சாகியிருக்கலாம் என்பதால், மாட்டுவதற்கு முன்பே கடையில் நான்கு டயர்களையும் புரட்டிப் பார்த்துவிட வேண்டும். அதிகம் விற்காத அளவுகள் கிடங்கில் தேங்கும். பெரிய தள்ளுபடி சொன்னால் முதலில் இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

அங்குலம் ஏற்றும் ஆசை

கார் வாங்கியதும் பெரிய அலாய் போட்டுப் பார்க்கும் ஆசை பலருக்கு வரும். ஒரு கணக்கு. ஃபோக்ஸ்வேகன் வெர்டஸ் ஜிடியின் அளவு 205/55 ஆர்16. மொத்த விட்டம் சுமார் 632 மில்லிமீட்டர். இதை 225/45 ஆர்17 ஆக்கினால் 634. வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் குறைவு என்பதால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, ஏபிஎஸ் குழம்பாது. 205/50 ஆர்17 போட்டால் 637, அதுவும் ஒரு சதவீதத்துக்குள். காகிதத்தில் எல்லாம் சரி.

சாலையில் கதை வேறு. 225/45 ஆர்17 போட்டால் பக்கச்சுவர் 113 மில்லிமீட்டரிலிருந்து 101-க்குக் குறைகிறது. கனமான ரிம்மாக இருந்தால் ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள எடை ஏறி, குண்டும் குழியுமான சாலையில் சக்கரம் தரையை விட்டு எழும்பும் நேரம் கூடும். எழும்பிய சக்கரத்துக்குப் பிடிப்பே இல்லை. அகலம் கூடியதால் மழைநீரை விலக்குவதும் கடினமாகிறது. சக்கரத் தடம் பதிந்த சாலையில் ஸ்டீயரிங் இங்கும் அங்கும் இழுபடும். இவ்வளவையும் ஏற்று, புதிய ரிம்மில் நடுத்தர டயர் மாட்டுவதைவிட, அதே 16 அங்குல ரிம்மில் கிடைப்பதிலேயே மிகச் சிறந்த டயரை மாட்டினால் கார் குறைந்த தூரத்தில் நிற்கும், செலவும் குறையும். அங்குலத்தில் போடும் பணத்தைக் கலவையில் போடுவது என்ற இந்த முறை, அழகுக்காக ரிம் மாற்றுபவருக்குப் பிடிக்காது. அழகே நோக்கம் என்றால் அதுவும் நியாயமான நோக்கம்தான், பிடிப்புக்காக என்று சொல்லிக்கொள்ளாதவரை.

ரிம் மாற்றுவதென்று முடிவானால், அந்த அளவில் நல்ல டயர் கிடைக்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். 2020 ஜூனில் இந்திய அரசு புதிய டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்தது. ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். வெளிநாட்டு விமர்சனங்களில் புகழப்படும் டயர் இங்கே அந்த அளவில் வராமலே போகலாம், அல்லது ஒரு டயர் கிழிந்தால் மாற்று வரப் பல வாரம் ஆகலாம். ரிம்மின் அகலத்துக்கும் வரம்பு உண்டு. 225/40 ஆர்18 டயருக்கு 7.5 முதல் 9 அங்குல அகல ரிம் பொருந்தும்.

மாட்டும்போது

பட்டன் ஒரே திசை நோக்கி வெட்டப்பட்ட டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். உள்பக்கமும் வெளிப்பக்கமும் வேறான டயரில் வெளிப்பக்கம் எதுவென்று எழுதியிருக்கும். இரண்டையும் தலைகீழாக மாட்டிவிடுவது அவசரக் கடைகளில் நடக்கக்கூடியது. கார் கிளம்புமுன் சுற்றி வந்து நான்கையும் பார்த்துவிடலாம். போல்ட்டை இம்பாக்ட் கன்னால் மட்டும் இறுக்கி அனுப்பக் கூடாது. கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சால், நிறுவனம் சொன்ன அளவுக்கு இருக்க வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை சரிபார்ப்பது வழக்கம்.

புதிய டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு இருக்கும். முதல் 300 கிலோமீட்டர் வரை வேகமும் திடீர் பிரேக்கும் தவிர்த்தால் அது தேய்ந்து போகும்.

இரண்டு டயர் மட்டும் மாற்றும்போது புதியவை பின்னால் போக வேண்டும், கார் முன்சக்கர இயக்கமாக இருந்தாலும். முன்டயர் ஈரத்தில் வழுக்கினால் கார் நேராகப் போகும். ஓட்டுநர் உணர்ந்து வேகத்தைக் குறைப்பார். பின்டயர் வழுக்கினால் கார் சுழலும், பெரும்பாலானோரால் அதை மீட்க முடியாது. ஆல் வீல் டிரைவ் காரில் நான்கின் தேய்மானமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். சில மில்லிமீட்டர் வித்தியாசம்கூட டிஃபரன்ஷியலை இடைவிடாமல் உழைக்க வைக்கும். அதனால் இவ்வகைக் காரில் ஒரு டயர் கிழிந்தாலும் சில நேரம் நான்கும் வாங்க வேண்டிவரும்.

காற்று

உயர்திறன் டயரைக் கெடுப்பதில் முதலிடம் காற்றழுத்தத்துக்கு. ஓட்டுநர் கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியிலோ ஒட்டியிருக்கும் அளவே சரியான அளவு. பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் பெரிய எண் அந்த டயர் தாங்கும் உச்சம், பிடிக்க வேண்டிய அளவு அல்ல. அளப்பது டயர் குளிர்ந்திருக்கும்போது. 20 கிலோமீட்டர் ஓட்டிப் பெட்ரோல் பங்குக்குப் போய் அளந்தால் 3, 4 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை டயர் தளர்ந்திருக்கும். நல்ல கேஜ் ஒன்றும் சிறிய பம்ப்பும் வீட்டில் இருப்பது எந்த அலாய் வீலையும்விடப் பயனுள்ள முதலீடு.

வெப்பம் 6 டிகிரி கூடினால் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ கூடும். மலை ஏறுபவர்களுக்கு இதில் ஒரு சுவையான கணக்கு உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டிக்குப் போகும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ கூடும். குளிரால் ஏறக்குறைய அதே அளவு குறையும். இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிடுவதால் மேலே போய்க் காற்று பார்த்து மாற்ற வேண்டியதில்லை.

நைட்ரஜன் நிரப்புவதில் தீமை இல்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் இருமுறை அழுத்தம் பார்ப்பவருக்கு அதனால் பெரிய ஆதாயமும் இல்லை.

மழை

கார் டயரின் பட்டன் ஆழத்துக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச அளவு 1.6 மில்லிமீட்டர். பள்ளத்தின் அடியில் உள்ள சிறு மேடு அதைக் காட்டும். மொட்டை டயருக்கு முந்தைய எல்லை அது, நல்ல டயரின் எல்லை அல்ல. புதிய டயரில் 7, 8 மில்லிமீட்டர் வரை இருக்கும் ஆழம் 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் ஈரப் பிடிப்பு வேகமாகச் சரியும். அகலமான ஸ்போர்ட்டி டயரில் இன்னும் வேகமாக.

சாலையில் தேங்கிய நீர் பட்டனால் விலக்க முடியாத அளவுக்குப் போனால் டயர் நீரின் மேல் மிதக்கும். அந்த வேகத்தைக் காற்றழுத்தத்தை வைத்தே கணிக்கும் பழைய சூத்திரம் ஒன்று உண்டு. நாசா விமான டயர்களை வைத்துக் கண்டது. 32 பிஎஸ்ஐ-க்கு அது ஏறத்தாழ 94 கிலோமீட்டர் என்று வரும், 25 பிஎஸ்ஐ-க்கு 83. காற்று குறைந்த டயர் முன்னதாகவே மிதக்கும் என்பது இதிலிருந்து தெரிகிறது. மிதந்துவிட்டால் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் ஆக்சிலரேட்டரை மெல்ல விடுவதே வழி. நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுக்கும். அதன் முதல் அரைமணி நேரத்தில் எந்தக் கலவையும் முழுப் பிடிப்பைத் தராது.

பள்ளமும் பஞ்சரும்

குட்டைப் பக்கச்சுவருக்குப் பெரிய எதிரி கூரிய விளிம்புள்ள பள்ளம். ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் இடையே பக்கச்சுவர் நசுங்கி, உள்ளே உள்ள இழைகள் அறுபடும். சில நாள் கழித்து அங்கே பல்ஜ் என்னும் வீக்கம் எழும்பும். பல்ஜ் வந்த டயருக்கு மருத்துவம் இல்லை; எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாததால் உடனே மாற்ற வேண்டும். பல்ஜ் உள்பக்கச் சுவரிலும் வரலாம் என்பதால், பெரிய அடி விழுந்தபின் காரை லிஃப்டில் ஏற்றிப் பார்ப்பது நல்லது. பள்ளத்தைத் தவிர்க்க முடியாதபோது அதற்கு முன்பே பிரேக் பிடித்து, இறங்கும் நொடியில் காலை எடுத்துவிட வேண்டும். பிரேக்கை அழுத்தியபடி இறங்கினால் சஸ்பென்ஷன் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், முழு அடியையும் டயர் வாங்கும்.

அடி பட்டபின் அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டும். ஸ்போர்ட்டி கார்களில் சக்கரம் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால் உள்விளிம்பு சற்று அதிகம் தேய்வது இயல்பு. சக்கரம் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் டோ அளவும் பிசகியிருந்தால் அந்தத் தேய்மானம் பல மடங்காகும். வெளியே நின்று பார்க்கும்போது பட்டன் நிறைய இருக்கும், உள்விளிம்பில் கம்பி தெரியும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வைத்து உள்பக்கத்தைக் கையால் தடவிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. முன்பின் டயர்களை இடம் மாற்றுவது தேய்மானத்தைச் சமன் செய்யும். பின்சக்கரம் அகலமாக உள்ள கார்களில் அதற்கு வழியில்லை.

பஞ்சரைப் பட்டன் பகுதியில் மட்டுமே, 6 மில்லிமீட்டருக்கு உட்பட்ட ஓட்டையாக இருந்தால் மட்டுமே சரிசெய்யலாம். வெளியிலிருந்து கயிறு திணிக்கும் முறை வீடுவரை வந்து சேர்வதற்கு. நிரந்தரமாக வேண்டுமென்றால் டயரைக் கழற்றி உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் போட வேண்டும். பட்டனும் பக்கச்சுவரும் சேரும் தோள்பட்டையிலும் பக்கச்சுவரிலும் விழுந்த ஓட்டைக்கு ஒட்டு போட்டுத் தரும் கடைகள் இருக்கின்றன. அந்த டயரோடு வேகமாகப் போகக் கூடாது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

பந்தயத் தடத்தில்

கோவை செட்டிப்பாளையத்தின் காரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலோ சொந்தக் காரை ஓட்டிப் பார்ப்பவர்களுக்குக் காற்று விதி மாறும். சில சுற்றுகளிலேயே அழுத்தம் 6, 8 பிஎஸ்ஐ ஏறிவிடும். அங்கே சூடான நிலையில் அளந்து இறக்குவதே முறை. வீடு திரும்புமுன் குளிரவிட்டு மறுபடி பழைய அளவுக்கு ஏற்றியாக வேண்டும். இதை மறந்தவரின் டயர் திரும்பும் நெடுஞ்சாலையில் காற்றுக் குறைவோடு ஓடிச் சூடேறும். சாலை டயரின் வெளித்தோள் தடத்தில் ஒரே நாளில் கண்ணுக்குத் தெரியும்படி தேயும்.

வயது

பட்டன் இருந்தாலும் ரப்பர் மூப்படையும். வெயிலும் ஓசோனும் அதை இறுக்கி வெடிப்பு விழச் செய்கின்றன. மென்கலவையில் இழப்பு கூடுதலாகத் தெரியும். ஐந்து ஆண்டு கடந்ததும் ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்டுவது, பத்து ஆண்டில் எப்படியிருந்தாலும் கழற்றிவிடுவது என்பது மிஷெலின் தரும் அறிவுரை. ஸ்போர்ட்டி காருக்கு ஆறு ஆண்டே போதும் என்று வைத்துக்கொள்ளலாம். குறைவாக ஓடும் கார்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். 2013 நவம்பரில் ஹாலிவுட் நடிகர் பால் வாக்கர் இறந்த போர்ஷே கரேரா ஜிடி விபத்தில், கட்டுக்கடங்காத வேகமே காரணம் என்று புலனாய்வு முடிவு செய்தது. காரின் டயர்கள் ஒன்பது ஆண்டு பழையவை என்பதும் அப்போது பதிவானது.

மாதக்கணக்கில் நிற்கும் காரில் டயர் ஒரே இடத்தில் தட்டையாகும். காற்றைச் சில பிஎஸ்ஐ கூட்டி வைத்து, அவ்வப்போது காரைச் சற்று நகர்த்தினால் இதைக் குறைக்கலாம். பக்கச்சுவரைப் பளபளப்பாக்கும் பெட்ரோலியக் கலவைகள் ரப்பருக்குப் பாதுகாப்பாகச் சேர்க்கப்பட்ட பொருட்களைக் கரைப்பவை. தண்ணீரும் சோப்பும் போதும். பல்ஜ் வந்த, வயதான டயரைக் கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்தால் அது பாலிஷ் போட்டுப் பழைய டயராக இன்னொரு காருக்குப் போக வாய்ப்புண்டு. கொடுக்குமுன் பக்கச்சுவரைக் கத்தியால் அறுத்துவிட்டால் அந்த வழி அடைபடும்.